விழுந்ததல்ல, இறக்கினது

வன்னிச் சனத்துக்கு விமானத்தைக் காதால்தான் தெரியும். எந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும், எந்தச் சத்தத்துக்கு நிலத்தோடு நிலமாகப் படுக்கவேண்டும், எந்தச் சத்தம் என்றால் உலையை இறக்கிவைத்துவிட்டு ஆறுதலாகப் போகலாம் என்பதெல்லாம் ஒருகாலத்தில் இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் பாடம். ஆனால் சத்தமே போடாமல் ஒரு விமானம் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் அந்த மாசி மாதத்து மத்தியானம் முரசுமோட்டைக்கு மேலே அது வந்தபோது ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விமலேஸ்வரி மட்டும் பார்த்தாள்.

அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் யதுர்ஷிகா விமானி. கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில், நாலு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஓட்டுகிறவள். யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஆளை ஏற்றிக் கொழும்பு இரத்மலானையில் இறக்குவது அவளுடைய வேலை. "அம்மா, உங்கடை தலைக்கு மேலாலைதான் போறனான்" என்று மகள் சொன்ன நாளிலிருந்து விமலேஸ்வரிக்குக் கழுத்து நோவு நிரந்தரமாகிவிட்டது. காகம் பறந்தாலும் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! சிரிக்கிறவர்களில் எவரிடம் விமானம் ஓட்டுகிற பிள்ளை இருக்கிறது?

அன்று அவள் பரந்தன் முல்லைத்தீவு வீதிக் கரையில் படங்கு விரித்து நெல் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வீதி முழுக்க வெள்ளைச் சட்டைகளும் சைக்கிள்களும். ஒரு சைக்கிளில் மூன்று பேர், கதை ஆறு பேருக்கு. அப்போது மேலே ஒரு வெள்ளை விமானம் வீதியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து வந்தது. இயந்திரச் சத்தம் இல்லை. காற்றைக் கிழிக்கிற சீறல் மட்டும். பிள்ளைகளின் தலைக்கு மேலே வந்த விமானம் ஒரு பக்கச் சிறகைச் சரித்துத் திரும்பி, பக்கத்து வயல்காரர் பொன்னையாவின் அறுவடை முடிந்த வயலுக்குள் போய் இருந்தது. ஒரு தூக்கு, இன்னொரு தூக்கு, பிறகு படார் என்று ஒரு முறிவுச் சத்தம். மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் சனம் ஓடியது. விமலேஸ்வரி நெல்லுக்கு மேலாலேயே ஓடினாள்.

விமானத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவர் ஒரு பெரியவர். தங்கச் சங்கிலி, விபூதிப் பூச்சு, கையில் கோயில் பிரசாதப் பை. லண்டனிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த தில்லைநாதன். மண்ணில் விழுந்து கும்பிட்டு, "முருகா! முருகா!" என்று கதறினார். அவருக்குப் பின்னால் இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி விமானி இறங்கினாள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, நெற்றியில் கொஞ்சம் இரத்தம். விமலேஸ்வரி சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அம்மா, எட்ட நில்லுங்கோ. பெற்றோல் கசியும். ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ" என்றாள் யதுர்ஷிகா. அழவில்லை. அம்மாவைக் கண்ட பிள்ளை மாதிரியே கதைக்கவில்லை. வயலுக்குள் நின்ற அத்தனை ஆம்பிளைகளும் அவள் சொன்னதைக் கேட்டுப் பின்னால் போனார்கள். மகள் உயிரோடு நிற்கிறாள் என்று நெஞ்சு ஆறுவதற்கு முன்னமே, ஊரைத் தள்ளி நிற்கவைக்கிறாள் என்ற பெருமைதான் விமலேஸ்வரிக்கு முதலில் வந்தது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வந்தது வந்ததுதான்.

மகளையும் பெரியவரையும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியைத் தூக்கிப் பிடித்து லண்டனுக்கு நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிளேன் விழுந்திட்டுது! வானத்திலை இருந்து பொத்தெண்டு விழுந்தது! முருகன் கையிலை ஏந்தி வைச்சவர்!"

விமலேஸ்வரி கட்டிலருகே போய் நின்றாள். "ஐயா, விழேல்லை. என்ரை பிள்ளை இறக்கினவள்."

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி, இஞ்சின் நிண்ட உடனை நான் கண்ணை மூடிப்போட்டன். முருகன்தான் கொண்டுவந்து இறக்கினவர்."

"முருகனுக்கு எப்ப லைசன்ஸ் குடுத்தவை?"

பக்கத்துக் கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த மனிதர்கூடச் சிரித்துவிட்டார். விமலேஸ்வரி சிரிக்கவில்லை. அவளுடைய கணவர் கதிர்காமநாதன் மெல்ல வந்து, "நீர் கொஞ்சம் வெளியிலை வாரும்" என்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேச வந்தால் விஷயம் இருக்கும். கம்பனி முதலாளி தொலைபேசி எடுத்தாராம். நலம் கேட்டது அரை வசனம். மிச்சமெல்லாம் இதுதான்: "நேரான ரோடு இருக்க, வயலுக்குள்ள விழுத்திட்டாங்க. கன்ட்ரோல் போயிருக்கு. விசாரணையில அவங்க பிழை என்று வந்தால் லைசன்ஸ் போகும். நான் ஒன்றும் செய்ய ஏலாது."

விமலேஸ்வரி வெளியில் கிடந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பழைய நினைவு வந்தது. பங்கருக்குள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த ஒரு நாள், சின்னவளாக இருந்த யதுர்ஷிகா மட்டும் தலையை வெளியே நீட்டி, "அம்மா, அதை ஆர் ஓட்டுறது?" என்று கேட்டாள். விமலேஸ்வரி அவள் தலையில் ஓங்கி ஒன்று போட்டு உள்ளே இழுத்தாள். அடி வாங்கியும் கேள்வியை விடாத பிள்ளை. படித்து, கொழும்புக்குப் போய், பகலில் வேலை செய்துகொண்டே பறக்கப் பழகி, கடைசியில் அந்தக் கேள்விக்குத் தானே பதிலாகிவிட்டாள். இப்போது ஒருவன் குளிர் அறைக்குள் இருந்துகொண்டு "விழுத்திட்டாங்க" என்கிறான்!

மகளுக்கு நோவுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். "நீர் போய் நெல்லை அள்ளும், மழை இருட்டுது. நான் பிள்ளையோடை நிக்கிறன்" என்றார் கதிர்காமநாதன்.

ஊருக்கு வந்தால் அங்கே ஒரு திருவிழா.

இந்த இடத்தில் வன்னிச் சனத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒருவருடைய வாகனம் வயலில் புதைந்தால், யாருடையது, ஏன் வந்தது என்று இங்கே கேட்கமாட்டார்கள். கயிறோடு வருவார்கள். மழை வரப்போகிறது, ஈரம் ஏறினால் புதைந்துவிடும் என்று கண்டு, உழவு இயந்திரம் வைத்திருக்கிற ஆண்டியப்பன் விமானத்தின் வாலுக்குக் கயிறு போட்டு, மூக்கை ஆட்கள் தூக்கிப் பிடிக்க, வரம்பு வந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை விலக்கி ஓட்டி, வந்த வழியாலேயே பின்பக்கமாக இழுத்து வீதிக் கரையில் ஏற்றிவிட்டிருந்தான். காவலுக்கு விட்ட பொலிஸ்காரரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறகில் கைவைத்துத் தள்ளியதாகக் கேள்வி. அதோடு விட்டார்களா? வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கியில் தண்ணீர் நிரப்பிக் கழுவினார்கள். கழுவிய வாகனத்தைச் சும்மா விடலாமா? மூக்கில் சந்தனப் பொட்டு, சிறகில் வேப்பிலைக் கொத்து, முறிந்துபோன முன்சில்லு இருந்த இடத்தில் நசித்த எலுமிச்சை. மேலே ஒரு படங்கு. பொலிஸ்காரருக்கு ஒரு கதிரையும் தேநீரும்.

"அக்கா, பாப்பாவோட பிளேனை ஒரு கீறல் படாம எடுத்துட்டோம்" என்றான் ஆண்டியப்பன். அவன் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்தப் பேச்சு இன்னும் அவன் நாக்கில் உண்டு. முகமெல்லாம் சந்தோஷம். விமலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் தன் பிள்ளையின் விமானத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறது.

ஆனால் வயலில் பொன்னையா இடுப்பில் கையூன்றி நின்றார். விமானம் மூன்று வரம்புகளை உடைத்திருந்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. வயல்காரியின் பிள்ளை இன்னொருவருடைய வரம்பை உடைத்துவிட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

"பொன்னையாண்ணை, நீங்கள் வீட்டை போங்கோ. என்ரை பிள்ளை உடைச்சதை நான் கட்டித் தாறன்."

வரம்பு கட்டுவதில் விமலேஸ்வரியை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அதை அவளே எல்லோருக்கும் சொல்லியும் இருக்கிறாள். மற்றவன் கட்டிய வரம்பைக் காலால் தட்டிப் பார்த்து, "உதென்ன, சோத்துக் கட்டியோ?" என்று கேட்பது அவளுடைய பொழுதுபோக்கு. அன்று மண்வெட்டியை எடுத்து, வாய்க்கால் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு, மிதித்து, மூன்று வரம்புகளையும் பொழுதுபட முன்னம் கட்டி முடித்தாள். இருட்டிய மழை கடைசிவரை பெய்யவேயில்லை.

காலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். யதுர்ஷிகா கையில் மாக்கட்டுப் போட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பிள்ளை றோட்டிலை இறக்கேல்லை?" என்று கேட்டாள் தாய். "உன்ரை முதலாளி அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்."

"றோட்டிலைதான் இறக்க வந்தனான். வந்து பாத்தா வெள்ளைச் சட்டை. அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டிருந்தது அம்மா." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "பொன்னையா மாமாவின்ரை வயல்தான் நீளப்பாட்டுக்கு நேர் எண்டு தெரியும். சின்னனிலை அதுக்குள்ளைதானே ஓடித் திரிஞ்சனான். இறக்கிப்போட்டன். கடைசி வரம்பிலைதான் முன்சில்லு முறிஞ்சது."

விமலேஸ்வரி புட்டுப் பொதியை அவிழ்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உயிர் போகிற நேரத்திலும் ஊர்ப்பிள்ளைகளை எண்ணித் திரும்பியவள். தன் வயிற்றில் பிறந்தவள். அவளுக்கு எழும்பி வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டும்போல இருந்தது.

"முதலாளி சொன்னாச் சொல்லட்டும். விசாரிக்கிற ஐயா இண்டைக்கு வாறார். அவர் நிலத்தைப் பாப்பார். சில்லு எங்கை தொட்டது, எப்பிடி ஓடினது எண்டு மண்ணிலை கிடக்கும். விழுந்த பிளேன் ஓடாது அம்மா, குத்தி நிக்கும். என்ரை தடம் ஒண்டுதான் எனக்குச் சாட்சி. நிலத்தை ஒருத்தரும் தொடேல்லைத்தானே?"

விமலேஸ்வரி புட்டுப் பொதியை அவசரமாக அவிழ்த்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல், "நீ முதல்லை சாப்பிடு" என்றாள்.

விசாரணை அதிகாரி பத்து மணிபோல வயலுக்கு வந்தார். நரைத்த மீசை, மண்ணுக்கென்றே போட்டுவந்த பூட்ஸ், கண்டிப் பக்கத்துத் தமிழ். யதுர்ஷிகாவும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, தகப்பனோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஊரும் வந்தது. படங்கை இழுத்ததும், பொட்டும் வேப்பிலையுமாகப் பளபளவென்று நின்ற விமானத்தை அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"யார் கழுவினது?"

"எல்லாரும்தான் சேர்!" என்றான் ஆண்டியப்பன், பரிசு கிடைக்கப்போகிற மாதிரி.

அதிகாரி வயலுக்குள் இறங்கினார். சில்லுத் தடம் இருக்கவேண்டிய இடத்தில் உழவு இயந்திரத்தின் தடம் தடித்துப் பதிந்திருந்தது. அவர் கைபேசிப் படங்கள் கேட்டார். ஊரே நீட்டியது. எல்லாப் படத்திலும் முகம். சிறகோடு ஒரு முகம், வாலோடு ஒரு முகம், பொட்டோடு ஒரு குடும்பம். ஒன்றிலும் நிலம் இல்லை. சத்தமில்லாமல் வந்ததால், இறங்கும்போது எடுத்த படமும் இல்லை.

"மகள், நீங்க சொல்றதை நான் நம்பாம இல்லை," என்றார் அவர் யதுர்ஷிகாவிடம். "ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத ஏலும். இங்க பார்க்க ஒன்றுமே இல்லையே."

யதுர்ஷிகா உழவு இயந்திரத் தடத்தைப் பார்த்தாள். பிறகு வரம்பைப் பார்த்தாள். உடைந்த வரம்பு எதுவும் அங்கே இல்லை. முந்தின நாள் இரத்தம் வடிந்தபோதுகூடக் கலங்காத அவள் கண் அப்போது கலங்கியது. ஆண்டியப்பனின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது. விஷயம் விளங்கிவிட்டது அவனுக்கு. தலையில் கைவைத்தபடி அப்படியே குந்திவிட்டான்.

விமலேஸ்வரி முன்னுக்கு வந்தாள். அவள் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அதை மகளுக்கு முன்னால் சொல்லலாம், அதிகாரிக்கு முன்னாலும் சொல்லலாம். பொன்னையாவுக்கு முன்னால் சொல்வதுதான் உயிர்போகிற காரியம்.

"ஐயா, வரம்பை நான்தான் கட்டினனான்" என்றாள்.

"அம்மா!" என்றாள் யதுர்ஷிகா.

"கட்டினனான். ஆனா..." அவள் பொன்னையா நின்ற பக்கம் பார்க்காமல் சொன்னாள். "ஆனா ஒழுங்காக் கட்டேல்லை. உடைஞ்ச வரம்பை விளிம்பு செதுக்கி, தட்டி, பிறகுதான் புதுமண் போடவேணும். அப்பதான் பழசும் புதுசும் ஒட்டும். நேற்றுப் பொழுதுபட்டுது, என்ரை மனமும் ஆஸ்பத்திரியிலை. செதுக்காமல் சும்மா சேத்தை அப்பி மூடிப்போட்டன். உடைஞ்சது உடைஞ்சபடி உள்ளுக்கை கிடக்கும்."

பொன்னையா மெதுவாகக் கேட்டார். "உதையோ தங்கச்சி நீ எனக்குக் கட்டித் தந்தனீ?"

"ஓம் அண்ணை. களவு வேலைதான். தண்ணி வந்திருந்தா முதல் நாளே அறுத்திருக்கும்."

ஊர் முழுக்கத் தட்டிப் பார்த்து நக்கலடித்த பெண், ஊர் முழுக்கக் கேட்கத் தன் வரம்பு சோற்றுக் கட்டி என்று ஒப்புக்கொண்டாள். யாருக்காவது சிரிக்க மனம் வந்திருந்தால் நல்ல சந்தர்ப்பம். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரி தலையசைத்தார். விமலேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு முதல் வரம்பில் குந்தினாள். மண்வெட்டி வேண்டாம் என்று கையாலேயே தோண்டினாள். புல் மூடிய பழைய வரம்புக்கு நடுவில், கறுத்த புதுச் சேறு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் அவளுக்குத் தெரியும். மேல்மண் காய்ந்து பொருக்கு வெடித்திருந்தது. விரலை விட்டு நெம்பினாள். ஒட்டாத சேறு கட்டியாகக் கழன்று வந்தது. உள்ளே, வரம்பை வெட்டிக்கொண்டு போன ஒரு பள்ளம், பக்கச் சுவரில் சில்லு ரயரின் கோடுகளோடு அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பள்ளம். அதே அகலம், அதே ஆழம்.

அடுத்த வரம்புக்கு ஓடினாள். அங்கேயும் இரண்டு பள்ளங்கள், முதல் வரம்பில் இருந்தவற்றுக்கு நேரே. நடுவில் புதிதாக ஒன்று, முன்சில்லினுடையது. மூன்றாவது வரம்பில் மூக்கு உழுத பெரிய வாய். அதைத் தோண்டும்போது விமலேஸ்வரியின் நகம் ஒன்று கிழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அதிகாரி நாடாவைப் பிடித்தார். இங்கே அளந்தார், அங்கே அளந்தார். முதல் வரம்பில் நின்று மூன்றாவது வரம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். படம் எடுத்தார், இந்தமுறை நிலத்தை. பிறகு பார்வை வீதிப் பக்கம் போனது. அங்கே பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பாட நேரம், மதிலுக்கு மேலே வரிசையாகத் தலைகள்.

"நேற்று இந்தப் பிள்ளைகள் ரோட்டிலயா இருந்தாங்க?"

"ஓம் ஐயா," என்றார் கதிர்காமநாதன். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. "முழு றோட்டும்."

அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அறிக்கை பிறகுதான் வரும். இஞ்சின் ஏன் நின்றது என்பதைக் கம்பனிக்காரரிட்டத்தான் கேட்க இருக்கு. ஆனா இது விழுந்தது இல்லை." யதுர்ஷிகாவைப் பார்த்தார். "இஞ்சின் இல்லாம, சிறகு சரியாம, ரெண்டு சில்லையும் ஒரே நேரம் வைச்சு, நேராக் கொண்டுபோயிருக்கிறீங்க. நல்லா இறக்கியிருக்கிறீங்க, மகள்."

இறக்கியிருக்கிறீங்க. அந்த ஒரு சொல்லுக்காக விமலேஸ்வரி முழு ஊரோடும், முருகனோடும்கூட மல்லுக்கு நின்றவள். இப்போது அது வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு நிற்க முடியவில்லை. வரம்பிலேயே இருந்து, சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யதுர்ஷிகா ஒற்றைக் கையால் அவளைச் சேர்த்துப் பிடித்தாள்.

"எழும்புங்கோ அம்மா. ஊர் பாக்குது."

"பாக்கட்டும்" என்றாள் விமலேஸ்வரி. "நல்லாப் பாக்கட்டும்."

எல்லோரும் கரையேறும்போது பொன்னையா மண்வெட்டியோடு வந்தார். "தங்கச்சி, இந்தமுறை நான் கட்டுறன். செதுக்கிக் கட்டுறன்."

"வேண்டாம் அண்ணை. தண்ணி திறக்குமட்டும் கிடக்கட்டும். அதுக்குப் பிறகு நானே செதுக்கிக் கட்டித் தாறன்."

உடைந்த வரம்பைக் கண்டால் சோறு இறங்காத பெண், அன்று மூன்று வரம்புகளையும் வாய் பிளந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒரு கிழமையாக முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்கள் அந்த இடத்தில் வேகம் குறைத்தன. ஒருநாள் ஒரு நடத்துநர் மிதிபலகையில் நின்றபடி, வீதிக் கரையில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அம்மா, இஞ்சையோ அந்தப் பிளேன் விழுந்தது?" என்று கேட்டான்.

விமலேஸ்வரி நெல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பஸ்ஸை நிப்பாட்டு தம்பி" என்றாள். "எல்லாரையும் இறங்கச் சொல்லு. என்ரை பிள்ளை இறக்கின இடத்தைக் காட்டுறன்."